சிகாகோ கப்பும் குன்சான் கப்பும்

ஹாரினின் அப்பா ஓட்டும் பஸ்ஸில் ஒருநாள் வினோதமான சத்தம் கேட்டது. முன் சீட்டில் இருந்த பெரியவர், "டிரைவர் தம்பி, என்ஜின்ல ஏதோ கோளாறு போலிருக்கே" என்றார். என்ஜினில் ஒரு கோளாறும் இல்லை. கத்தியது அப்பாவின் வயிறு.

மாலையில் அப்பா வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். ஹாரினும் சிரித்தாள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. பசியோடு இருப்பவருக்குச் சிரிப்பு எங்கிருந்து வரும்?

எல்லாம் மலையால் வந்தது. இலைகள் சிவக்கும் காலத்தில் ஹாரினும் அப்பாவும் வருஷம் தவறாமல் நேஜாங்சான் மலை ஏறுவார்கள். போன வருஷம் பாதி வழியில் அப்பாவின் முழங்கால் மக்கர் பண்ணிவிட்டது. அவர் தேநீர்க் கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அவரைத் தனியே விட மனசில்லாமல் ஹாரினும் உச்சிக்குப் போகாமல் திரும்பினாள். எடையைக் குறைத்தால்தான் இனி மலை என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அப்பாவின் தங்கை சிகாகோவில் இருக்கிறாள். தான் பின்பற்றி இளைத்த உணவுத் திட்டத்தை அத்தை அப்படியே போனில் அனுப்பிவைத்தாள். ஒரு கப் ஓட்ஸ், அரை கப் பயறு, இரண்டு கப் காய்கறி என்று மூன்று வேளைக்கும் அளவு போட்டிருந்தாள். இதன்படி சாப்பிட்டால் இலை சிவப்பதற்குள் அண்ணன் மலைக்குத் தயார் என்று அடித்துச் சொன்னாள்.

அப்பாவும் லேசுப்பட்டவர் இல்லை. பவுண்டையெல்லாம் உட்கார்ந்து கிலோவாக மாற்றினார். ரொட்டி சுட முந்நூற்றைம்பது டிகிரி என்று இருந்ததைப் பார்த்து அம்மா மிரண்டபோது, "அது அவங்க டிகிரி, நமக்கு நூத்தி எண்பது போதும்" என்று பெருமையாக விளக்கினார்.

கப்பைப் பற்றி மட்டும் அவர் யோசிக்கவே இல்லை. ஏன் யோசிக்க வேண்டும்? அவர்கள் ஊரான குன்சானில் எந்த வீட்டுச் சமையலறையில் கேட்டாலும் கப் என்றால் காபி குடிக்கிற பேப்பர் கப்தான். டிவியில் சமைப்பவர்கள்கூட மாவை அதில்தான் அளப்பார்கள். அப்பாவும் பேப்பர் கப்பை எடுத்தார், அள்ளினார், கொட்டினார்.

முதல் வாரம் அப்பா உற்சாகமாக இருந்தார். இரண்டாம் வாரம் உர்ரென்று ஆனார். மூன்றாம் வாரம் ஹாரின் கிம்ச்சி ஊறுகாய் மெல்லும் சத்தத்துக்குக்கூட எரிந்து விழுந்தார். பிறகு அவரே வந்து தலையைத் தடவிக்கொடுத்தார். கோபம் பசியுடையது என்று ஹாரினுக்குத் தெரியும்.

சனிக்கிழமை காலையில் அப்பா மறுபடியும் ஓட்ஸ் ரொட்டி சுட்டார். இரண்டு கப் ஓட்ஸ் மாவு, மூன்று முட்டை, ஒரு வாழைப்பழம். அத்தை அனுப்பிய படத்தில் ரொட்டித் துண்டு நிமிர்ந்து நின்றது. இவர்களுடையதோ வழக்கம்போல் தட்டில் சரிந்து படுத்துக்கொண்டது.

"ஹாரின் அப்பா, இதைக் கத்தியால வெட்டவா, கரண்டியால ஊத்தவா?" என்று அம்மா கேட்டாள்.

அப்பா கரண்டியைக் கீழே வைத்தார். "போதும். இதெல்லாம் எனக்குச் சரிப்படாது. ராத்திரிக்கு வறுத்த கோழி சொல்லிடலாம். ஹாரின், இந்த வருஷம் மலைக்கு நீ அம்மாகூடப் போயிட்டு வாடா கண்ணா."

ஹாரினுக்கு அம்மாவோடு போகப் பிடிக்காது என்றில்லை. ஆனால் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அப்பாவின் முகம் அவளுக்கு இன்னும் மறக்கவில்லை. இப்போது விட்டுவிட்டால் அப்பா அந்த பெஞ்சைத் தாண்டவே மாட்டார்.

தட்டில் படுத்துக் கிடந்த ரொட்டியையே அவள் பார்த்தாள். முட்டை மூன்று என்றால் எந்த ஊரிலும் மூன்றுதான். வாழைப்பழமும் ஒன்றுதான். ஆனாலும் அத்தையின் ரொட்டி நிற்கிறது, நம்முடையது சரிகிறது. அப்படியானால் மாவுதான் குறைகிறது. இரண்டு கப் போட்டும் எப்படிக் குறையும்?

ஹாரின் வீடியோவில் அத்தையைக் கூப்பிட்டாள். சிகாகோவில் அப்போது வெள்ளிக்கிழமை சாயங்காலம்.

"அத்தை, நீங்க மாவு அளக்கிற கப்பைக் கொஞ்சம் காட்டுங்களேன்."

கைப்பிடி வைத்த ஒரு எவர்சில்வர் கப்பை அத்தை தூக்கிக் காட்டினாள். ஹாரின் தன் பேப்பர் கப்பைக் காட்டினாள். திரையில் இரண்டும் ஒரே உயரமாகத்தான் தெரிந்தன. கேமராவுக்குக் கிட்டே வைத்தால் எதுவும் பெரிதாகத் தெரியும், கண்ணை நம்பி என்ன பயன்? ஹாரின் சமையலறையைச் சுற்றிப் பார்த்தாள். அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்று இருந்தது. அத்தையிடமும் அரை லிட்டர் பாட்டில் இருந்தது.

"ரெண்டு பேரும் பாட்டில்லேருந்து ரெண்டு கப் ஊத்துவோம். மிச்சம் எவ்வளவுன்னு பார்ப்போம்" என்றாள் ஹாரின்.

அத்தை முதல் கப்பை ஊற்றினாள். இரண்டாவது கப்பையும் ஊற்றினாள். அவள் பாட்டிலில் ஒரு வாய்த் தண்ணீர்தான் மீதி இருந்தது. ஹாரினும் இரண்டு கப் ஊற்றினாள். அவள் பாட்டிலில் இன்னும் கால் பாகத்துக்கு மேல் தண்ணீர் ஆடிக்கொண்டிருந்தது.

அப்பா மெதுவாக எழுந்து வந்து பாட்டிலை உற்றுப் பார்த்தார்.

"அண்ணா," என்றாள் அத்தை, "இத்தனை நாளும் பேப்பர் கப்லயா அளந்தே?"

"பின்னே எதுல அளப்பாங்க?"

"ஐயோ, என் ஒரு கப்ல முக்கால்வாசிதான் நீ சாப்பிட்டிருக்கே. நான் இளைக்கச் சொன்னேன், பட்டினி கிடக்கச் சொல்லல."

அத்தைக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சிகாகோவுக்குப் போய் இத்தனை வருஷத்தில் பேப்பர் கப்பை அவளே மறந்துபோயிருந்தாளாம். ஹாரின் விரலை மடக்கிக் கணக்குப் போட்டு, அத்தையின் மூன்று கப்புக்கு நம்முடையது நான்கு என்றாள். அத்தையும் சரிபார்த்துத் தலையாட்டினாள்.

அப்பாவின் முகம் பல நாளுக்குப் பிறகு மலர்ந்தது. "அப்போ விட்டுப்போன பங்கையெல்லாம் சேர்த்து இன்னைக்கே சாப்பிடலாமா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் கிடையாது" என்று அத்தையும் அம்மாவும் ஒரே குரலில் சொன்னார்கள்.

அன்று இரவு கோழிக்குச் சொல்லவில்லை. சரியான அளவில் சமைத்த காய்கறியும் பயறும் கிண்ணம் நிறைய இருந்தன. அப்பா நிதானமாக, ரசித்து, கடைசிப் பயறு வரை சாப்பிட்டார். அதன்பின் ஒருநாளும் திட்டத்தை விடுகிற பேச்சை அவர் எடுக்கவில்லை.

நவம்பரில் நேஜாங்சான் முழுக்கச் சிவந்து கிடந்தது. தேநீர்க் கடை வந்ததும் ஹாரின் ஓரக்கண்ணால் அப்பாவைப் பார்த்தாள். அவர் பெஞ்சைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஏறிப் போனார். உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஹாரினுக்குத்தான் மூச்சு வாங்கியது.

மேலேயிருந்து அப்பாவின் குரல் வந்தது. "மெதுவா வா, அவசரமே இல்ல. நான் உச்சியில நிக்கிறேன்."

ஹாரின் வேண்டுமென்றே இன்னும் கொஞ்சம் மெதுவாக ஏறினாள். மேலே நிற்கும் அப்பாவைக் கீழேயிருந்து பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது.