ஏரி பிளந்த பெருமான்

வாசக அன்பர்களே, கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்கிறேன்: இதில் ஒரு சொல்லும் பொய்யன்று.

கன்னலாற்றில் அந்திச் செம்மை வடிந்து, முழுநிலா வெள்ளியை வாரி இறைத்த வேளையில், ஏழூர்க்கோட்டையின் வடவாயிலில், இரப்போர் வரிசையின் கடைசியில் கந்தல் சுற்றி ஓடு ஏந்தி அமர்ந்திருந்தவர் வேறு யாருமல்லர்; படைத்தலைவர் எழினிவேள்தாம்! பகைநாட்டுப் பேரேரியின் கரையை வெட்டிப் போரை வென்று, 'ஏரி பிளந்த பெருமான்' என்று பட்டம் பெற்றவர். வாயிலில் பெருகிவிட்ட இரவலரை ஆற்றுக்கு அப்பால் துரத்துவதா, சத்திரம் கட்டிச் சோறிடுவதா என்று விடிவதற்குள் அவர் முடிவு செய்யவேண்டும்; அரச கட்டளை. நேரில் கண்டு தெளியவே இந்த வேடம்.

வேடத்தில் ஒரே பிழை. அரண்மனைப் பணிப்பெண் வழக்கம்போல் அந்தக் கந்தலுக்கும் அகிற்புகை ஊட்டியிருந்தாள். தெருநாய்கள் அவரைச் சூழ்ந்து அமர்ந்து பெருமூச்சு விட்டன.

பக்கத்திலிருந்த மருதி என்னும் இளம்பெண் மூக்கை உறிஞ்சினாள். "புதுசாய்யா? இந்தா. புதுசா வந்தவங்களுக்குத்தான் முதல் கவளம். எங்க வழக்கம்."

பழஞ்சோறு, மணலும் இருந்தது. விழுங்கினார்.

"நங்கையே, மன்னர் உங்களுக்கு யாது செய்தல் நலம்? சத்திரமா?"

"நங்கையாம்! கேட்டீங்களா?" வரிசையே சிரித்தது. "சத்திரம் கட்டினா தின்னுட்டுப் போறோம். ஆனா நாங்க ஊருக்கே நெல்லளந்த சனம்யா. எங்க ஏரியை உடைச்சவன் வந்து அடைச்சுக் குடுக்கட்டும். இந்த வாசல்ல ஒருத்தரும் நிக்கமாட்டோம்."

எழினிவேள் ஓட்டைக் கீழே வைத்தார். உடைப்பில் பாய்ந்த வெள்ளத்தைப் பாணர்கள் பாடியதுண்டு. வடிந்தபின் யார் எதை உண்டார்கள் என்று அவர்களும் பாடவில்லை, அவரும் கேட்டதில்லை. பகைவர்முன் குனியாத தலை குனிந்தது.

"அவ்வேரியைப் பிளந்தவன் யானே."

"தெரியும். அன்னைக்குக் கரைமேல குதிரையில நின்னீங்களே, அப்பவும் இதே அகில் வாசனைதான்."

"தெரிந்துமா சோறிட்டாய்?"

"புதுசா வந்தவங்களாச்சே!"

அந்தச் சொல் வேலினும் ஆழப் பாய்ந்தது. மறைத்திருந்த உடைவாளை அவள் காலடியில் வைத்தார். "அந்த ஏரிக்கரை மீண்டும் நீர் தாங்கும்வரை இவ்வாளைத் தொடேன், அப்பட்டத்தை இனி என்றுமே சூடேன். முதற்கூடை மண் என் தலையில் ஏறும். இது ஆணை!"

மருதி தன் முந்தானையைக் கிழித்துச் சுருட்டி நீட்டினாள். "சும்மாடு இல்லாம மண்ணு சுமந்தா மண்டை போயிடும், ஐயா."

அந்த வடவாயிலில் இன்றும் நிற்கும் கல்வெட்டு, அவர் துறந்த பட்டத்தையே சூட்டிக் கூறுவது இது: 'ஏரி பிளந்த பெருமான் எழினிவேள் காலத்தில் இந்நாட்டில் இரப்போர் ஒருவரும் இருந்ததில்லை.'