பத்தரை மணி நிழல்

விடிந்தபோது ஏரியில் மீன்கள் வெள்ளை வயிறு தெரிய மிதந்தன.

மோட்டார் அறையில் இரவு வேலை பார்த்தவள்தான் முதலில் பார்த்தாள். ஊர் அவளை மோட்டார் அக்கா என்றுதான் கூப்பிடும். டீ போடக் குழாயைத் திறந்தாள். தண்ணீரோடு நாற்றம் குப்பென்று அடித்தது. வெளியே ஓடினாள். கரையோரத் தண்ணீர் பச்சைப் பெயிண்டைக் கொட்டியதுபோல் கிடந்தது. திரும்பி ஓடி வந்து மோட்டாரை நிறுத்தினாள். ஊருக்குப் போகும் வால்வை மூடினாள். அதன் பிறகே அதிகாரிக்குப் போன் செய்தாள்.

அதுவே அவளுக்கு வினையானது.

காலை எட்டு மணி. ஏரிக்கரையில் ஒரு உயரமான தண்ணீர்த் தொட்டி, அதற்கு மேற்கே மோட்டார் அறை, கிழக்கே ஏரி. தொட்டியின் நிழல் மோட்டார் அறையின் கூரைவரை நீண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் அந்த நிழலில் பைக்கை நிறுத்திவிட்டு உள்ளே போனார்.

"யாரைக் கேட்டு மோட்டாரை நிறுத்துனீங்க?"

"மூக்கைக் கேட்டு, சார்."

"ராத்திரி இங்க யார் யார் இருந்தாங்க?"

"நானும் கொசுவும்."

கான்ஸ்டபிள் ஒரு காலி டப்பாவோடு வந்தார். களைக்கொல்லி மருந்து.

"இது?"

"போன மாசம் புல்லுக்கு அடிச்சது. இப்ப அதுல துடைப்பத்தை நிறுத்தி வச்சிருக்கேன்."

"போன வாரம் ஆபீஸ்ல சத்தம் போட்டீங்களாமே?"

"எத்தனை வருஷமா தற்காலிகம்னே சொல்லிட்டு இருப்பாங்க? நிரந்தரமாக்குங்கன்னு கேட்டேன்."

"'நான் இல்லாம இந்த ஊரு எப்படித் தண்ணி குடிக்குதுன்னு பாக்குறேன்'னு சொன்னீங்களா?"

அவள் தலை குனிந்தது. "கோவத்துல சொன்னேன் சார். வாய் சும்மா இருக்க மாட்டேங்குதே."

இன்ஸ்பெக்டரின் போன் அடித்தது. மேலிடம். சாயங்காலத்துக்குள் கைது செய்தாக வேண்டும் என்றது.

ஏரிக் கண்காணிப்புத் திட்டத்தின் அலுவலகம் கடைத்தெருவில் மாடியில் இருந்தது. ஊருக்குச் சுத்தமான குடிநீர் கிடைக்கிறதா என்று வானத்திலிருந்து பார்ப்பது அவர்கள் வேலை. செயற்கைக்கோள் எடுக்கும் படத்தில் தண்ணீரின் நிறம் மாறினால் உடனே எச்சரிக்கை அனுப்புவார்கள்.

இயக்குநர் மடிப்புக் கலையாத சட்டையில் இருந்தார். இன்ஸ்பெக்டருக்குத் திரையைத் திருப்பிக் காட்டினார்.

"நேத்து எடுத்த படம். பாருங்க, கண்ணாடி மாதிரி தண்ணி. பாசியா இருந்தா ஒரு வாரமாவது வளரணும். நேத்து இல்லாதது இன்னைக்கு வந்திருக்குன்னா ராத்திரி யாரோ எதையோ கொட்டியிருக்காங்க. அங்க இருந்தது ஒரே ஆள்."

படத்தில் தொட்டி ஒரு வெள்ளைப் பொட்டு. அதன் நிழல் தண்ணீரில் விழுந்து கிடந்தது. தெளிந்த, நீலமான தண்ணீர்.

"அதுக்கு முந்தின படம்?"

"முந்தின ரெண்டு தடவையும் ஒரே மேகம் சார்" என்றாள் மூலையிலிருந்த பெண். படங்களைப் பிரித்துப் பார்க்கும் வேலை அவளுடையது. அலுவலகத்தில் அவளுக்கு 'சேட்டிலைட்' என்றே பெயர். "அஞ்சு நாளைக்கு ஒரு தடவை நம்ம ஊரைத் தாண்டும். எப்பவும் காலைல பத்தரைக்கு. அதுக்கு லேட்டே கிடையாது."

"நம்ம ஆளுங்களை மாதிரி இல்ல."

"ஆமா சார்." சுவரில் மாட்டியிருந்த போட்டோவைக் காட்டினாள். ஏரிக்கரையில் ரிப்பன், கத்தரிக்கோல், பூமாலை. "போன வருஷம் நடந்த திட்டத்தோட தொடக்க விழா. காலைல வர வேண்டிய விருந்தாளி மத்தியானம் மூணு மணிக்கு வந்தார். மேலேர்ந்து ஏரியைப் படம் எடுக்க வந்த டிரோன்காரர் அதுவரைக்கும் பட்டினி."

"நேத்துப் படத்தை நீங்கதான் இறக்குனீங்களா?"

"இல்ல சார், நான் ஒரு வாரம் லீவு. இன்னைக்குத்தான் வந்தேன்."

"நானே இறக்குனேன்" என்றார் இயக்குநர். "அடுத்த வாரம் வெளிநாட்டுக் குழு வருது. சுத்தமான குடிநீர் இலக்கை முதல்ல எட்டுன ஊர் நம்ம ஊர்தான். எவ்வளவு வேலை கிடக்கு! இந்த நேரத்துல இப்படி ஒரு பொம்பளை..."

மூன்றரை மணி. கைது செய்ய இன்ஸ்பெக்டர் ஏரிக்குத் திரும்பினார். பழக்க தோஷத்தில் பைக்கைக் காலையில் நிறுத்திய இடத்திலேயே நிறுத்தினார். வெயிலில் கண் கூசியது. நிழல் எங்கே போனது என்று சுற்றிப் பார்த்தார். அது தொட்டிக்கு அந்தப் பக்கம், தண்ணீர்மேல் கிடந்தது.

அப்படியே நின்றார்.

மோட்டார் அக்கா துணிப்பையோடு வெளியே வந்தாள். மாற்றுச் சேலை எடுத்து வைத்திருந்தாள்.

"போலாமா சார்?"

"போலாம்மா. ஸ்டேஷனுக்கு இல்ல."

அரை மணி நேரத்தில் நால்வரும் இயக்குநரின் அறையில் இருந்தார்கள். மோட்டார் அக்கா உட்காரவில்லை.

"பாப்பா, நேத்துப் படத்தைப் போடு. தொட்டியைப் பெருசாக்கு. நிழல் எந்தப் பக்கம் இருக்கு?" என்று சேட்டிலைட்டிடம் கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"ஏரிப் பக்கம் சார்."

"பத்தரை மணிக்குச் சூரியன் எந்தப் பக்கம் இருக்கும்?"

"கிழக்க. ஏரிப் பக்கம்..." அவள் கை மவுஸிலேயே நின்றுவிட்டது. "நிழல் மோட்டார் ரூம் பக்கம்ல விழணும்!"

பழைய படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். எல்லாவற்றிலும் நிழல் மோட்டார் அறைமேல் இருந்தது.

"இது மத்தியானத்துக்கு அப்புறம் விழுற நிழல்" என்றார் இன்ஸ்பெக்டர் இயக்குநரைப் பார்த்து. "செயற்கைக்கோள் அப்ப வராது. அப்ப வந்தவர் உங்க விருந்தாளி. அன்னைக்கு டிரோன் எடுத்த படத்தை வெட்டி, நேத்துத் தேதியைப் போட்டு வச்சிருக்கீங்க. ஒரு வருஷத்துக்கு முந்தின தண்ணி, அதான் அவ்வளவு நீலம். விருந்தாளி சொன்ன நேரத்துக்கு வந்திருந்தா நான் கண்டுபிடிச்சிருக்கவே மாட்டேன்."

இயக்குநர் எழுந்தார். "இதெல்லாம் ஊகம். அசல் படம் எங்க இருக்கு?"

"பொது இணையதளத்துல சார்" என்றாள் சேட்டிலைட். "யார் வேணும்னாலும் இலவசமா எடுக்கலாம். நீங்க மாத்துனது நம்ம கம்ப்யூட்டர்ல இருக்குற பிரதியை மட்டும்தான்."

அசல் படம் மெதுவாகத் திரையில் இறங்கியது. குன்றுக்குப் பின்னால், கரையில் நிற்பவர் கண்ணுக்கே படாத வடக்கு மூலையில், ஏரி பச்சையாக நொதித்துக்கிடந்தது. ராத்திரிக் காற்று அதைத்தான் மோட்டார் அறைவரை தள்ளி வந்திருக்கிறது. யாரும் எதையும் கொட்டவில்லை. பாசிதான்.

இயக்குநர் நாற்காலியில் சரிந்தார்.

"ரெண்டு நாள்ல மழை வந்து கழுவிட்டுப் போயிடும்னு நெனச்சேன். குழு வர்ற நேரத்துல எச்சரிக்கைன்னு சிவப்புக் குறி வேண்டாமேன்னு... யாருக்கும் ஒண்ணும் ஆகலையே!"

"ஆகலை" என்றார் இன்ஸ்பெக்டர். "எச்சரிக்கை அனுப்ப வேண்டியவர் நீங்க, அனுப்பலை. இந்த அம்மா மோட்டாரை நிறுத்துனாங்க. அதனால ஆகலை. அவங்களையே ஜெயிலுக்கு அனுப்பப் பாத்தீங்க."

மோட்டார் அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தெக்குப் பக்கம் நீலமாத்தானே இருக்கு?"

"ஆமாக்கா, அங்க பாசி இல்ல."

"அங்க ஒரு பழைய குழாய் இருக்கு. தண்ணியைச் சோதிச்சுட்டு அதுல மாத்திக்கலாம். ஊரு எத்தனை நாளைக்குத் தண்ணி இல்லாம இருக்கும்?"

சோதனையில் தெற்குத் தண்ணீர் தேறியது. மீன்களைக் கொன்றது பாசி என்று அறிக்கை சொன்னது. ஊர்க் குழாய்களில் மறுபடி தண்ணீர் வந்தது. மோட்டார் அறை வாசலில் யார் யாரோ பூவும் பழமும் வைத்துவிட்டுப் போனார்கள். "நான் என்ன சமாதியா?" என்று சிரித்தபடியே மோட்டார் அக்கா எடுத்து வைத்தாள்.

செயற்கைக்கோள் அடுத்த முறை தாண்ட வேண்டிய காலையில் இன்ஸ்பெக்டர் மோட்டார் அறைக்கு வந்தார். சீருடையில் இல்லை. சேட்டிலைட்டும் வந்திருந்தாள்.

"வீட்ல நானும் என் பொண்ணும் மட்டும்தான்" என்றார். "தினம் பள்ளிக்கூடம் போறப்ப குழாய்ல நேரா வாய் வச்சுக் குடிப்பா. அன்னைக்குக் குழாய்ல காத்துதான் வந்துச்சு. தாகத்துல என்னைத் திட்டித் தீத்துட்டா."

"வாங்கிக் கட்டிக்கிட்டீங்களா?"

"சந்தோஷமா வாங்கிக்கிட்டேம்மா." கை கூப்பினார்.

மோட்டார் அக்கா பதறி அவர் கையை இறக்கிவிட்டாள். "என்னை மட்டும் கும்பிட்டா எப்படி? மேல ஒருத்தன் பாத்துட்டு இருந்ததாலதானே நான் இங்க நிக்குறேன். மணி என்ன?"

"பத்து இருபத்தெட்டு" என்றாள் சேட்டிலைட்.

மோட்டார் அக்கா வெட்டவெளிக்குப் போய் வானத்தைப் பார்த்துக் கையை உயர்த்தினாள்.

"அக்கா, அவ்வளவு உயரத்துலேர்ந்து நீங்க தெரிய மாட்டீங்க."

"தெரியாட்டிப் போகுது" என்றாள் அவள், கையை இறக்காமல். அவளுடைய நிழலும் தொட்டியின் நிழலும் மேற்கே, ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன.