நீர்நாடி சிவந்தால்

"ஒரே ஒரு ஜோடி மீன் குடுங்க, ஜெய்னம்பு அக்கா. கால்ல வேணும்னாலும் விழறேன்."

கம்பிக் கதவுக்கு வெளியே நின்று கெஞ்சியவர் டாக்டர் மங்கையர்க்கரசி. நாடெங்கும் மீன் குளங்களில் நட்டிருக்கும் நீர்நாடியைக் கண்டுபிடித்தவர். கதவுக்கு உள்ளே நின்ற ஜெய்னம்பு, அதே நீர்நாடியால் இரண்டு குளங்களை இழந்தவள். கதவு திறக்காததில் வியப்பு ஒன்றும் இல்லை.

நீர்நாடி என்பது ஆளுயரக் கம்பம். குளத்து நீரை இடைவிடாமல் சோதித்துக்கொண்டே இருக்கும். வெண்செவுள் நோயின் கிருமி ஒரே ஒரு மீனின் உடம்பில் இருந்தாலும் போதும், சில நிமிடங்களில் கம்பத்தின் தலையில் சிவப்பு விளக்கு எரியும், அடியிலிருந்து கொல்நீர் பீறிடும். அந்தக் குளம் சாகும், ஊர்க் குளங்கள் பிழைக்கும். முன்பெல்லாம் நோய் கண்ட மீனை ஐஸ் பெட்டியில் வைத்துச் சென்னைக்கு அனுப்ப வேண்டும். முடிவு வருவதற்குள் ஊரே நாறிப்போயிருக்கும். அதனால் நீர்நாடி வந்தபோது குளத்துக்காரர்கள் கம்பத்துக்கு மாலை போட்டார்கள், மங்கையர்க்கரசிக்கும் போட்டார்கள்.

மாலை போட்ட கூட்டத்தில் ஒருவருக்கும் ஒரு விஷயம் உறைக்கவில்லை. நோய் கண்ட குளத்தில் எல்லா மீனும் செத்துவிடுவதில்லை. சில தப்பும். தப்பிய மீனின் குஞ்சுகளுக்கும் அந்த வலு வரும். ஆனால் கிருமி அதன் உடம்பை விட்டு முழுக்கப் போகாமல் ஓர் ஓரத்தில் தூங்கும். தூங்குகிற கிருமியைக் கண்டாலும் நீர்நாடி சிவக்கும். இப்படிப் பிழைக்கத் தெரிந்த மீன்களையெல்லாம் ஆண்டுதோறும் தேடிப் பிடித்துக் கொன்றாயிற்று. மிஞ்சியவை நோயின் முகத்தையே பார்க்காத செல்லப்பிள்ளைகள். இந்தக் கோடையில் வெண்செவுள் தஞ்சாவூர் சினைமீன் பண்ணைக்குள் நுழைந்தபோது, விளக்கு சிவப்பதற்கு முன்பே தாய்மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. மற்ற மாநிலங்களிலும் இதே கதை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? இனிக் கட்லா மீன் குஞ்சுக்கு எங்கே போவது என்று யாருக்கும் தெரியவில்லை.

"நீங்க சந்தைக்குப் போட்ட கட்லாத் தலையப் பார்த்தேன்க்கா," என்றார் மங்கையர்க்கரசி. "செவுள்ல தழும்பு இருந்துச்சு. அது நோய் வந்து பொழைச்ச மீன். அந்த மாதிரி மீன் இந்த நாட்டுலயே வேற எங்கயும் இல்ல."

செத்த மீனை யாரும் சோதிப்பதில்லை என்ற தைரியத்தில்தான் ஜெய்னம்பு விற்றாள். இப்போது அவள் முகம் வெளிறியது.

"அதையும் கொல்ல வந்தீங்களா?"

"காப்பாத்த வந்தேன்க்கா. சத்தியமா."

நெடுநேரம் கழித்துத்தான் கதவு திறந்தது. குளத்தின் மூலையில் நீர்நாடி ஒழுங்காக நீல விளக்கு எரிய நின்றது. கிட்டே போய்ப் பார்த்த மங்கையர்க்கரசி வாய்விட்டுச் சிரித்துவிட்டார். கம்பம் நின்றது குளத்து நீரில் இல்லை. குளத்துக்குள் புதைத்த ஒரு பிளாஸ்டிக் டிரம்முக்குள், சுத்தமான போர்வெல் தண்ணீரில் நின்றது.

"மூணாவது குளத்துக்கும் நோவு வந்துடுச்சு," என்றாள் ஜெய்னம்பு. "இதுவும் போனா நான் யாரு வாசல்ல போய் நிக்கிறது? அதான் டிரம்ம வச்சேன். பாதி மீனு மெதந்துச்சு. தென்னங்குழியில போட்டு மூடுனேன். மீதியும் போயிடும்னுதான் நெனச்சேன், போகல. ஏன்னு எனக்குத் தெரியாது டாக்டரம்மா."

மங்கையர்க்கரசி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். வாழ்நாளில் தன்னை ஒருவர் ஏமாற்றியதற்காக அவர் இவ்வளவு மகிழ்ந்ததில்லை. சினையோடு ஒரு பெண் மீனையும், ஓர் ஆண் மீனையும் தொட்டியில் விட்டு, காற்றுக்குழாய் போட்டு, தஞ்சாவூர்ப் பண்ணையில் குஞ்சு பொரிக்கவைக்கத் தன் அலுவலக வண்டியில் ஏற்றிக்கொண்டார்.

உயிர்மீன் ஏற்றிய வண்டி, தொட்டி நீரைச் சோதிக்கும் நீர்ச்சாவடியைத் தாண்டாமல் தஞ்சாவூருக்குள் போக முடியாது. அங்கே தன் பெயர் செல்லும், சோதிக்காமலே விட்டுவிடுவார்கள் என்று மங்கையர்க்கரசி நம்பினார். மனிதர்களிடம் செல்லுபடியாகியிருக்கும். வண்டி உள்ளே நுழைந்ததுமே சாவடியின் இரும்புக் கை தொட்டிக்குள் இறங்கியது, சக்கரங்களைப் பூட்டு கவ்வியது, விளக்கு சிவந்தது.

சாவடி அதிகாரி தில்லைநாயகி ஓடி வந்தாள். "மேடம், நீங்களா!"

"நிறுத்தும்மா! இது பொழைச்ச மீன். தாய்மீன். இத விட்டா வேற இல்ல. நிறுத்து!"

"எப்படி மேடம் நிறுத்துறது?" என்றாள் தில்லைநாயகி. "நிறுத்துற பொத்தானே கிடையாதே. பொத்தான் இருந்தா லஞ்சம் வரும், சிபாரிசு வரும், வைக்கவே கூடாதுன்னு எங்க பயிற்சியில சொன்னதே நீங்கதானே."

மங்கையர்க்கரசி இரும்புக் கையை இரண்டு கைகளாலும் பிடித்து இழுத்தார். தில்லைநாயகியும் சேர்ந்து இழுத்தாள். அது அசையவில்லை. கெஞ்சுகிற யாருக்கும் அசையாதபடி செய்ததற்காகத்தான் அவருக்கு விருது கொடுத்தார்கள். கொல்நீர் விழுந்தது. பெண் மீன் ஒரு முறை தொட்டியின் விளிம்பு வரை எகிறியது.

சாவடித் திரையில் எழுத்துகள் ஓடின. தொட்டி நீரின் உப்பையும் மண்ணையும் வைத்து அது எந்தக் குளத்து நீர் என்று இயந்திரம் கண்டுபிடித்துவிட்டது. கொல்நீர் ஏற்றிய கொல்வண்டி ஜெய்னம்புவின் குளத்துக்குக் கிளம்பியிருந்தது.

மங்கையர்க்கரசி ஜெய்னம்புவைக் கைபேசியில் அழைத்தார்.

"அக்கா, மீன எடுத்துடுங்க! வண்டி வருது. எத்தனை முடியுமோ அத்தனை எடுத்து வேற எங்கயாவது விட்டுடுங்க!"

"எங்கம்மா விடுவேன்?" ஜெய்னம்பு அலறினாள். "இன்னும் மேட்டூர் தொறக்கல. ஆறும் வாய்க்காலும் காஞ்சு கெடக்கு. தண்ணி இருக்குற குளத்துலயெல்லாம் உங்க கம்பம்தான நிக்குது? நீங்களே சொல்லுங்க, எந்தக் குளத்துல விட?"

மறுமுனையில் ஜெய்னம்பு குளத்துக்குள் இறங்கும் சத்தமும், வெறுங்கையால் நீரை அளையும் சத்தமும் கேட்டன. பிறகு லாரிச் சத்தம் கேட்டது.

சாவடியில் பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன. தில்லைநாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேறு என்ன சொல்வதென்று தெரியாமல், எல்லா வண்டிக்காரர்களிடமும் சொல்வதையே சொன்னாள்.

"நீலம் வந்துடுச்சு மேடம். தண்ணியில நோய் இல்ல. நீங்க போகலாம்."