அம்மன் காட்டு விட்டம்

தூளித் துணியில் மறுபடியும் மாவு. காலையில்தான் உதறிக் கட்டினாள் கார்குழலி. சலித்த கடலைமாவு மாதிரி மஞ்சள் தூள், அந்திக்குள் குழந்தையின் நெற்றியில் திருநீறாகப் படிந்திருந்தது.

வெளியே சாரம் பேட்டை முழுக்க மழை. கரண்ட் இல்லை. மண்ணெண்ணெய் வாடையும் ஈரச் சுவரின் பாசி வாடையும் கலந்த அந்த ஒற்றை அறையில், மேலே புது விட்டத்துக்குள்ளிருந்து ஒரு சத்தம், பல்லில்லாத வாய் முறுக்கைச் சவைப்பதுபோல, ஓயாமல் வந்துகொண்டிருந்தது.

போன கார்த்திகைப் புயல் பழைய விட்டத்தை முறித்தது. தவளக்குப்பத்துக்கு அப்பாலிருந்த அம்மன் காட்டையும் அதே புயல்தான் சாய்த்தது. எத்தனையோ புயலுக்கு நின்ற காடு, பாவம். மழை தப்பிய வருஷங்களில் வேர் வாடிப்போக, மார்கழிப் பனியில் மடிகிற வண்டு சூட்டில் மடியாமல் பெருகி, மரங்களை உள்ளே பொடியாக்கியிருந்தது. காற்று வந்து தொட்டதுதான், சாய்ந்துவிட்டது. இப்போது அங்கே சீமைக்கருவேல முள்தான் முளைக்கிறது.

தட்டாஞ்சாவடி மரப்பட்டறையில் வேலை செய்யும் அவள் புருஷன் நெடுமாறன், அந்தக் காட்டிலிருந்துதான் விட்டத்துக்கு மரம் கொண்டுவந்தான். அன்றே சொன்னாள்.

"அம்மன் காட்டுச் சுள்ளிகூட ஊடு ஏறக்கூடாதுய்யா."

"நாம வெட்னமா? தானா வுழுந்தது. அம்மனே நெழலில்லாம வெயில்ல குந்திக்கினு கீது. கொடை கேட்டு நம்மூட்டுக்கா வரப்போவுது?"

சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளையில்லாமல் அழுத காலத்தில் அந்தக் காட்டு மரத்தில்தான் அவள் மஞ்சள் கயிற்றில் மரத்தொட்டில் கட்டினாள். பிள்ளை பிறந்ததும் தூக்கிப்போய், மரத்துக்கு முகம் காட்டி, தொட்டிலை அவிழ்க்க வேண்டும். வெயில் தணியட்டும் என்று தள்ளிப்போட்டாள். வெயில் தணியவேயில்லை.

இப்போது ஸ்டூல்மேல் ஏறி, விட்டத்தில் காது வைத்தாள்.

சத்தம் இல்லை.

பட்டையோரம், மரத்துக்குள் புதைந்து, மஞ்சள் கயிற்றின் நுனி. அவள் போட்ட முடிச்சு.

சத்தம் இருந்தது. கீழே. தூளிக்குள்.

குழந்தை ஹேமலதா விழித்திருந்தாள். அழவில்லை. கார்குழலி தூக்கினாள். காய்ந்த சுரைக்குடுக்கையின் கனம்.

விட்டத்தை நோக்கி உயர்த்திப் பிடித்தாள்.

"தாயி, இதோ புள்ள மொகம். பாத்துக்கோ. பாத்துட்டியில்ல? உட்டுடு, தாயி."

சத்தம் நின்றது.

மார்போடு அணைத்தாள். பாலுக்கு முகம் திருப்பிய குழந்தையின் காதுக்குப் பின்னால், ஊசி குத்தினாற்போல ஒரு துளை. வட்டமாக. அதிலிருந்து மஞ்சள் தூள், மெல்ல மெல்ல, அவள் சேலையில் உதிர்ந்துகொண்டிருந்தது.