விற்பனைக்கு ஒரு மென்பவளத் தொட்டி

"ஐயோ... முதல்ல கையை வெளியில எடுங்க!"

அவள் போட்ட கூச்சலில், உப்புநீர்த் தொட்டிக்குள் முழங்கைவரை கைவிட்டிருந்தவன் திடுக்கிட்டுத் திரும்பினான். மழையில் நனைந்த தலை... சிரிக்கத் தயாராக இருந்த கண்கள். சே, இந்த நேரத்தில் கண்களையா பார்ப்பது!

தொட்டி விற்பனைக்கு என்று அவள் கொடுத்திருந்த விளம்பரத்தைப் பார்த்து வந்த கணக்கு வாத்தியார் அவன். கதவைத் திறந்துவிட்டது அக்கா.

"கை கழுவிட்டுத்தாங்க விட்டேன். உங்க அக்காவே சாட்சி."

"செத்துப்போனதைத் தொட்டுப் பாத்து என்ன செய்யப் போறீங்க?"

காளான்போல் விரிந்து நிற்க வேண்டிய மென்பவளம் என்ற அந்தக் கடலுயிர், மெழுகு பூசியதுபோல் சுருங்கிக் கிடந்தது. ஆசை ஆசையாய் வளர்த்தது... கண்முன்னே அது சாவதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் தொட்டியையே விற்கத் துணிந்தாள்.

"யாரு சொன்னா செத்துப்போச்சுன்னு? தோல் உரிக்குதுங்க. பம்ப்பைக் கொஞ்சம் இது பக்கம் திருப்புங்க, தண்ணி ஓட்டத்துல அந்தப் படலம் கழண்டுடும். ஆமா... இதை அடிக்கடி இடம் மாத்துறீங்களா?"

"தினமும்!" அடுக்களையிலிருந்து அக்கா குரல் கொடுத்தாள். "வெளிச்சத்துல வைப்பா, நிழல்ல வைப்பா, மறுபடி வெளிச்சத்துல வைப்பா. பிசியோதெரபிஸ்ட் இல்லையா... எதையும் அசைக்காம விடமாட்டா."

அவன் சிரித்துவிட்டான். அவளுக்குச் சுருக்கென்றது.

"நீங்க தொட்டி வாங்க வந்தீங்களா, பாடம் எடுக்க வந்தீங்களா?"

"வாங்கத்தான் வந்தேன். ஆனா பிழைச்சிடும்னு தெரிஞ்சும் சொல்லாம எப்படிங்க தூக்கிட்டுப் போறது?"

"ரொம்ப நன்றி. போயிட்டு வாங்க!"

போய்விட்டான். அவனோடு அவள் நிம்மதியும் போய்விட்டது.

பம்ப்பைத் திருப்பி வைத்தாள். பவளத்தைத் தொடக்கூடாது என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்... எழுந்தாள்... மறுபடி உட்கார்ந்தாள். போனை எடுப்பதும் வைப்பதுமாக மாலைகள் ஓடின. விளம்பரத்தைப் பார்த்து யார் யாரோ அழைத்தார்கள். அவன் மட்டும் அழைக்கவில்லை. துரத்தியடித்தவளை எவன் அழைப்பான்?

"நீயே கூப்பிட்டா என்ன, தலையில இருக்கிற கிரீடம் விழுந்துடுமா?"

"நான் எதுக்குக்கா கூப்பிடணும்?"

அப்புறம் ஒரு சாயங்காலம், வேலையிலிருந்து வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். படலம் கழன்று போயிருந்தது. பவளம் தன் குட்டிக் குட்டி விரல்களையெல்லாம் நீட்டி, நீரோட்டத்தில் ஆடிக்கொண்டிருந்தது. வீம்பெல்லாம் எங்கே போனதோ, அவன் எண்ணை அழுத்திவிட்டாள்.

"விரிஞ்சிடுச்சுங்க... எல்லாம் விரிஞ்சிடுச்சு!"

"வந்து பாக்கலாமா?"

"வாங்க... எவ்வளவு நேரமாகும்?"

"கீழதான் நிக்கிறேன்."

மேலே வந்தவன் மழையில் சொட்டச் சொட்ட நனைந்திருந்தான். பவளத்தைப் பார்க்கவே இல்லை. அவளைத்தான் பார்த்தான்.

"இந்தத் தெருவுல உங்களுக்கு என்ன வேலை?"

"ஒரு வேலையும் இல்ல. ஸ்கூல் விட்டா வண்டி தானா இங்க வந்துடுது. ஜன்னல்ல தொட்டியோட நீல வெளிச்சம் தெரிஞ்சா, இன்னும் விக்கலைன்னு ஒரு நிம்மதி... மேல வரத்தான் தைரியம் இல்ல." மூச்சை இழுத்துக்கொண்டான். "உங்களை எனக்குப் பிடிச்சிருக்குங்க."

அவளுக்குக் காதுவரை சூடேறியது.

"விளம்பரம் இன்னும் இருக்கே... விக்கப் போறீங்களா?" என்றான்.

"இல்ல. கேட்டவங்ககிட்ட எல்லாம் வித்தாச்சுன்னு சொல்லிட்டேன்."

"அப்ப விளம்பரத்தை எடுத்துடலாமே?"

"எடுத்துட்டா..." குரல் அவளுக்கே கேட்கவில்லை. "நீங்க எந்தச் சாக்குல என்னைக் கூப்பிடுவீங்க?"