ஊமைப் பட்டையில் எழுந்த அலை

மேற்கு வானத்தில் அந்திச் செம்மை இன்னும் முழுவதும் கரைந்து போகவில்லை. அதற்குள் கிழக்கே கடல் விளிம்பில் பூரணச் சந்திரன் அவசரப்பட்டு எழுந்துவிட்டான். மலைச் சரிவுகளில் படிப்படியாக இறங்கி வரும் நெல் வயல்களையும், மூங்கில் காடுகளையும், காற்றில் சலசலக்கும் தென்னந்தோப்புகளையும் கடந்து வந்த பக்கரிசான் நதி, பாலித் தீவின் அந்த முகத்துவாரத்தில் ஒரு பாதி சிவந்தும் ஒரு பாதி வெளுத்தும் தயங்கித் தயங்கிக் கடலில் கலந்துகொண்டிருந்தது. கரையோரக் கோயிலின் அடுக்குக் கூரைகளில் கொக்குகள் வந்து அடைந்துகொண்டிருந்தன. அந்த அழகையெல்லாம் நின்று ரசிக்க வேண்டிய ரசிகன் ஒருவன், எதையும் ஏறெடுத்துப் பாராமல், கோயிலின் வாத்திய மண்டபத்துக்குள் திருடனைப் போலக் குனிந்து நுழைந்தான்.

பயப்படாதீர்கள், வாசகர்களே! அவன் திருட வரவில்லை. இடுப்பில் முடிந்திருந்த சுண்டைக்காய் அளவு தேன்மெழுகை எடுத்தான். பட்டுத் துணி போர்த்தியிருந்த வாத்தியங்களில் ஒன்றின் போர்வையை விலக்கினான். மூங்கில் குழல்களுக்கு மேல் வரிசையாகத் தொங்கிய வெண்கலப் பட்டைகளில் ஒன்றை விரலால் தடவிக் கண்டுபிடித்தான். அதன் அடியில், ஓரமாக, மெழுகை அழுத்தி ஒட்டினான். ஒட்டிய விரல்கள் காய்த்துப்போயிருந்தன. கடாரத்துச் சிறையில் ஐந்து ஆண்டுகள் சங்கிலி சுமந்த விரல்கள் அல்லவா?

நாகப்பட்டினத்து மரக்கலத் தலைவன் இளந்திரையனை அன்றைய கோலத்தில் பெற்ற தாயே பார்த்திருந்தாலும் அடையாளம் கண்டிருக்க மாட்டாள். முகத்தை மூடிய தாடி, ஒட்டிய கன்னம், துடுப்புக்காரனின் அழுக்கு முண்டாசு! அடையாளம் தெரியாமல் இருப்பதே அவனுக்கு க்ஷேமம். சோழருக்கும் ஸ்ரீவிஜயத்துக்கும் பகை முற்றியிருந்த காலம் அது. ஸ்ரீவிஜயத் தளபதி ருத்ரசேனன் பெரும் படையோடு அந்தத் தீவில் வந்து இறங்கி, விருந்தாளி என்ற பெயரில் அரண்மனையையே அதட்டிக்கொண்டிருந்தான். தமிழன் என்று தெரிந்தால் தலை கழுத்தில் நிற்காது. சிறையிலிருந்து தப்பித் தன் ஊர்க் கப்பல் ஒன்றைச் சேர்ந்த இளந்திரையன், அதைக் கடல் முனைக்கு அப்பால் மறைத்து நிறுத்திவிட்டு, அன்று பகலில்தான் சிறு படகில் கரையேறினான். மீனவர் வாயிலிருந்து அவன் கேட்ட முதல் செய்தியே அவனைக் குலைத்துவிட்டது.

“இன்றைக்குத் திருவிழாவில் தளபதி நம் இளவரசியோடு ஜோடி வாசிக்கப் போகிறாராம். அப்புறம் கல்யாணம்தானாம்!”

இளவரசி குசுமசாரி! அந்தப் பெயரை நினைத்துக்கொண்டுதானே அவன் இத்தனை காலம் உயிரை வைத்திருந்தான்!

அந்தத் தீவின் கமெலான் இசையைப் பற்றி இங்கே ஒரு சங்கதி சொல்லியாக வேண்டும். அங்கே வாத்தியங்களை ஜோடி ஜோடியாகத்தான் வார்ப்பார்கள். ஒன்று பெண், மற்றது ஆண். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் சுருதியில் மட்டும் வேண்டுமென்றே மயிரிழை பேதம் வைத்துவிடுவார்கள். இரண்டையும் சேர்த்து அடித்தால், அந்தப் பேதத்தினாலேயே ஓசை ஏறி இறங்கி, ஏறி இறங்கி, மூச்சு விடுவது போல அதிரும். அதை அவர்கள் ‘ஓம்பாக்’ என்பார்கள். நம் மொழியில் அலை. அலை எழாத வெண்கலம் செத்த வெண்கலம் என்பது அவர்கள் எண்ணம்.

யாழ் கேட்டு வளர்ந்த நம் தமிழ்ப் பிள்ளைக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? ஐந்து ஆண்டுகளுக்கு முன் கப்பல் பாறையில் மோதி உடைந்து, அரண்மனையில் அடைக்கலம் புகுந்திருந்தபோது, இளவரசிக்குத் துணையாக இரண்டாவது வாத்தியத்தை வாசிக்கக் கற்றுக்கொண்டான். பட்டையை அடிக்கும் அவள் கொட்டாப்புளி விழாத இடைவெளியில் அவனுடையது விழ வேண்டும். அவன் விட்ட இடத்தை அவள் நிரப்ப வேண்டும். இருவர் வாசித்தால்தான் அது ஒரு பாட்டு. அப்படி வாசித்து வாசித்தே இருவர் மனமும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டது. ஆனால் சுருதி சேரவில்லையே என்ற உறுத்தல் மட்டும் அவனுக்குத் தீரவில்லை. ஒருநாள், அவளை மகிழ்விக்கும் எண்ணத்தில், ஓர் அரத்தை எடுத்துத் தன் வாத்தியத்தின் நடுப் பட்டையை ஓரத்தில் அராவி, அவளுடைய பட்டையோடு கச்சிதமாகச் சேர்த்துவிட்டான். பாராட்டை எதிர்பார்த்து நின்றான், அசடு!

குசுமசாரி அதை அடித்துப் பார்த்தாள். அலை எழவில்லை. அவள் கண்கள் நிறைந்துவிட்டன.

“என் அலையைக் கொன்றுவிட்டீரே!” என்றாள்.

புதிதாக வார்த்துவிடலாம் என்று வெண்கலம் வார்க்கும் கன்னார்கள் சொன்னபோது அவள் சம்மதிக்கவில்லை. “கெடுத்தவரே திருத்தட்டும்” என்று சொல்லிவிட்டாள். திருத்துவதற்குள், உடனே திரும்பச் சொல்லிச் சோழ நாட்டிலிருந்து ஓலை வந்தது. அடுத்த பருவக் காற்றில் திரும்பி வந்து பட்டையையும் திருத்துவேன், கையையும் பிடிப்பேன் என்று சத்தியம் செய்துவிட்டுப் போனவனை ஸ்ரீவிஜயத்தின் ஆட்களான கடாரத்தார் நடுக்கடலில் பிடித்துக்கொண்டார்கள். சிறையில் மாலை தோறும் அவன் தன் சங்கிலியில் விரலால் அந்தப் பாட்டைத் தட்டுவான். அவளுடைய அடிகள் வர வேண்டிய இடங்களில் தட்டாமல் காத்திருப்பான். அந்த வெற்றிடங்களில் அவனுக்கு அவள் அடிப்பது கேட்கும். உயர்ந்துவிட்ட சுருதியைக் கீழே இழுக்க ஓரத்தில் ஒரு பொட்டு மெழுகு போதும் என்று அவனுக்குத் தோன்றியதும் அங்கேதான்.

‘அந்தப் பட்டையில் அலை எழுந்தால் நான் வந்துவிட்டேன் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் அந்தத் தளபதிக்கு இணங்க மாட்டாள்’ என்று எண்ணித்தான் அவன் மெழுகை ஒட்டினான்.

மண்டபத்தின் பின்புறம் வந்தவன் தோளில் கனத்த கை ஒன்று விழுந்தது. திரும்பினால், சேகண்டிக்கார நெங்கா! குண்டு உடம்பும் குறும்புக் கண்ணுமாக, அரண்மனை நாட்களின் பழைய சிநேகிதன் நெங்காவேதான்.

“இந்த நடையை எனக்குத் தெரியாதா? அடப் பாவி மனுஷா! நீ செத்தாய் என்று நான் அழுது தீர்த்த கண்ணீரைத் திருப்பிக் கொடு!” என்று அவன் தழுதழுத்தான். “உயிரோடு இருக்கிறவன் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பக் கூடாதா?”

“சங்கிலி விட்டால்தானே நெங்கா! இளவரசி எப்படி இருக்கிறாள்?”

“எப்படி இருப்பாள்? கடலைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப் போயிருக்கிறாள். கேட்டு வந்த ராஜகுமாரர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான். ‘ஊமைப் பட்டை எவர் கையில் பேசுகிறதோ அவருக்கே மாலை. பேசாவிட்டால் அன்றே தீவை விட்டுப் போய்விட வேண்டும்.’ தளபதியும் அதற்கு ஒப்புக்கொண்டு கோயிலில் சத்தியம் செய்திருக்கிறான். ஓங்கி அடித்தால் பேசிவிடும் என்று நினைக்கிறான், முட்டாள்! இன்றோடு நமக்கு விட்டது சனி!”

இளந்திரையன் தலையில் அடித்துக்கொண்டான். 

“நெங்கா! என்ன காரியம் செய்துவிட்டேன்! அந்தப் பட்டை இப்போது பேசும்!”

நெங்கா வாயைப் பிளந்தான். இருவரும் மண்டபத்தை நோக்கி ஓடினார்கள். ஐயோ, விளக்குகள் ஏற்றியாகிவிட்டன. மன்னர் வந்து அமர்ந்துவிட்டார். தளபதி ருத்ரசேனன் ஆண் வாத்தியத்தின் முன் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான்! இனி அதன் அருகே யார் போக முடியும்? சேகண்டி தொங்கும் காவடித் தண்டைச் சுமக்கும் ஆளாக இளந்திரையனைத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொள்வதைத் தவிர நெங்காவுக்கு வேறு வழி தெரியவில்லை.

அன்றைய விழாவின் வழக்கத்தையும் வாசகர்கள் அறிந்துகொள்வது நல்லது. அது வாத்தியங்களுக்கு நீராட்டும் திருநாள். மண்டபத்தில் தொடங்கிய பாட்டை வாசித்துக்கொண்டே வாத்தியங்களைச் சுமந்து ஆற்றங்கரைக்குப் போவார்கள்; படகேற்றிக் கடலுக்குக் கொண்டுபோய்க் கடல்நீர் தெளிப்பார்கள்; அதன் பிறகே பெருஞ்சேகண்டியை ஒலித்துப் பாட்டை முடிப்பார்கள். சேகண்டி ஒலிக்கும் வரை பாட்டு முடிந்ததாகாது. பாட்டு முடியும் வரை ஒருவரும் வாளைத் தொடக் கூடாது. தொட்டவனைத் தெய்வம் விட்டாலும் ஊர் விடாது.

குசுமசாரி வந்தாள். இளந்திரையன் ஐந்து ஆண்டுகளாகக் காணாத முகத்தைக் கண்டான். மெலிந்திருந்தாள், காதோரம் செண்பகம் செருகியிருந்தாள், அந்த மண்டபத்தில் இத்தனை பேர் இருந்தும் ஒருவரையும் பாராமல், எங்கோ தொலைவில் எதையோ எதிர்பார்ப்பவளாக அமர்ந்தாள். ‘தேவி, இதோ இருக்கிறேன்!’ என்று கத்திவிடத் துடித்த வாயை அவன் கையால் பொத்திக்கொண்டான்.

மத்தளம் முழங்கியது. பொற்பூ முடி சூடிய இரண்டு பெண்கள் விரல்கள் படபடக்க, கழுத்து அசைய, கருவிழிகள் இப்படியும் அப்படியும் பாய, ஓருயிர் ஈருடலாக ஆடி வந்தார்கள். வெண்கலமெல்லாம் சேர்ந்து சிலிர்த்தது. தளபதி கற்று வந்ததைத் தப்பும் தவறுமாக அடித்தான். பாட்டு வளைந்து வளைந்து ஊமைப் பட்டையை நோக்கி வந்தது. இளந்திரையன் கண்களை மூடிக்கொண்டான்.

இருவர் கொட்டாப்புளிகளும் ஒரே சமயத்தில் விழுந்தன. ஆகா! ஐந்து ஆண்டுகளாகச் செத்துக் கிடந்த பட்டையிலிருந்து அலை எழுந்தது; ஏறி இறங்கி, ஏறி இறங்கி, மண்டபம் முழுவதும் பரவியது.

குசுமசாரியின் முகம் பூத்தது. அவர் வந்துவிட்டார்! அவள் விழிகள் கூட்டத்தில் அங்கும் இங்கும் ஓடின. அடுத்த கணமே, எதிரே கொட்டாப்புளியோடு இளித்துக்கொண்டிருந்த தளபதியைக் கண்டதும், அவள் வாசிப்பை நிறுத்திவிட்டாள். ஆடிய பெண்கள் நின்றுவிட்டார்கள், வாத்தியங்கள் ஓய்ந்தன.

“பேசிவிட்டது! உம் மகள் எனக்குத்தான், மன்னரே!” என்று ருத்ரசேனன் கொக்கரித்தான். “ஏ சேகண்டிக்காரா! அடி! பாட்டு முடியட்டும், மணவினை தொடங்கட்டும்!”

ஆற்றோரத்தில் படகு காத்திருந்தது. இளந்திரையன் இருட்டில் நழுவியிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திராது. அந்த நினைப்பு அவன் கிட்டேகூட வரவில்லை. காவடித் தண்டை இறக்கி வைத்துவிட்டு நேராக மண்டபத்தின் நடுவே நடந்தான். பட்டையின் அடியிலிருந்த மெழுகைப் பிய்த்து எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினான்.

“இப்போது அடியுங்கள், தளபதியாரே!”

ருத்ரசேனன் அடித்தான். குசுமசாரியும் அடித்தாள். ஊமை! இளந்திரையன் மெழுகை மறுபடி ஒட்டிவிட்டு, தளபதியின் கையிலிருந்த கொட்டாப்புளியை வாங்கிக் குசுமசாரியோடு சேர்ந்து அடித்தான். அலை எழுந்தது.

“யாரடா நீ?”

அவன் முண்டாசை அவிழ்த்தான். “நாகப்பட்டினத்து இளந்திரையன். இந்தப் பட்டையை ஊமையாக்கிய பாவியும் நான்தான். பேச வைத்தவனும் நான்தான்.”

குசுமசாரி எழுந்து நின்றாள். 

“தந்தையே! என் வாக்கு நிறைவேறிவிட்டது. என் மாலை இவருக்கே.”

மன்னர் தளபதியின் முகத்தையும் மகளின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “சத்தியம் சத்தியந்தான், தளபதியாரே” என்றார் மெதுவாக.

“நான் விலகிப்போகத்தான் சத்தியம் செய்தேன், சோழனின் ஒற்றனை உயிரோடு விடச் சத்தியம் செய்யவில்லை!” என்று ருத்ரசேனன் வாளின் பிடிக்குக் கையைக் கொண்டுபோனான். அவனுடைய வீரர்களே அரண்டு பின்வாங்கினார்கள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு கையை எடுத்தான். “அடியடா சேகண்டியை!”

“கடல்நீர் தெளிக்காமல் அடித்தால் என் கை அழுகிப்போகுமே, தளபதி ஐயா!” என்று நெங்கா அழாக்குறையாகச் சொன்னான்.

“சரி. கடலுக்குப் போகிற படகு கரைக்குத்தானே வந்தாக வேண்டும்? சேகண்டி ஒலிக்கட்டும். காத்திருக்கிறேன்” என்றான் தளபதி. முனைக்கு அப்பால் நின்ற கப்பலைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்! இளந்திரையன் கடல் முனையை நோக்கி விழியைக் காட்டியதும் மன்னருக்கும் குசுமசாரிக்கும் விஷயம் புரிந்துவிட்டது.

குசுமசாரி தந்தையின் காலைத் தொட்டு வணங்கினாள். அவர் அவள் தலையில் கை வைத்தார். எடுக்க மனமின்றி வைத்தபடியே இருந்தார். “போய் வா, அம்மா. பாட்டு நிற்காமல் பார்த்துக்கொள்” என்றார்.

பாட்டு மறுபடி தொடங்கியது. ஜோடி வாத்தியத்தைத் தண்டுகளில் கட்டித் தூக்கினார்கள். நிலவு பொழியும் ஆற்றங்கரை வழியே, உருவாத வாள்களுக்கு இடையே, அவளும் அவனும் எதிரெதிரே நடந்து வாசித்துக்கொண்டே போனார்கள். சிறையில் அவன் காலியாக விட்டு வைத்த இடங்களிலெல்லாம் இப்போது அவள் அடிகள் வந்து விழுந்தன. அவன் கண்ணீரைத் துடைக்கக் கை ஒழியவில்லை.

படகு முகத்துவாரத்தைக் கடந்தது, முனையைச் சுற்றியது, கப்பலின் நிழலில் போய் ஒதுங்கியது. நெங்கா கடல்நீரை அள்ளி வாத்தியங்களின் மேல் தெளித்தான்.

“அந்த அரம் இன்னும் உம்மிடம் இருக்கிறதா?” என்று கேட்டாள் குசுமசாரி. ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு அவள் அவனிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

“அன்றைக்கே கடலில் எறிந்துவிட்டேன், தேவி.”

அவள் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். பிறகு தந்தை இருக்கும் கரையை நோக்கித் திரும்பி ஒருமுறை கைகூப்பினாள். நெங்காவின் கையிலிருந்த பெரிய கொட்டாப்புளியை வாங்கி, தானே சேகண்டியை ஓங்கி அடித்தாள்.

அந்த ஓசை நீரின் மேல் தவழ்ந்து கரையை எட்டியபோது, தளபதி ருத்ரசேனன் ஆவலோடு வாளை உருவினான். பாட்டு முடிந்துவிட்டது. படகுதான் திரும்பி வரவில்லை.