இருமலுக்குப் பதில்

கீழேயிருந்து சுமந்து வந்தது இரண்டே வாழையிலை. சிம்பு மலையின் இந்த உயரத்தில் வாழை முளைக்காது. பாசியைத் தவிர எதுவுமே இங்கே மனமுவந்து முளைப்பதில்லை. ஆகவே வேட்டைக் குடிசையின் மண்தரையில் மூன்றாவதாக ஓர் இலை விரிந்து கிடந்ததைப் பார்த்ததும், சியுனே முதலில் சந்தேகப்பட்டது தனக்கு எண்ணத் தெரியுமா என்பதைத்தான்.

"மச்சான், இந்த எலை யாருக்கு?"

அக்காள் புருஷன் கெலுவா, குழியில் வேகும் பன்றியின்மேல் சூட்டுக் கற்களை அடுக்கிக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்த்தான். முகம் சுருங்கியது.

"நீதான போட்ட? ஊருக்குப் பங்கு வைக்கலாம்னு இன்னும் நெனப்பு ஓடுதா?"

இலையைச் சுருட்டி வாசலுக்கு வெளியே மூடுபனிக்குள் எறிந்தான்.

அந்த மலையில் தான் கொன்றதை எவனும் தின்பதில்லை. கொன்றவன் கொடுப்பான், பிறர் கொன்றதைத் தின்பான். அப்படித்தான் ஊர் மொத்தத்துக்கும் கறி போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. கெலுவா அதில் ஓர் ஓட்டை கண்டுபிடித்திருந்தான்.

"பன்னி மேல ரெண்டு அம்பு. உன் அம்புதான் கொன்னுச்சு, அதனால நான் திங்கலாம். என் அம்புதான் கொன்னுச்சு, அதனால நீ திங்கலாம். இதுல ஊரு எங்கடா வருது?"

ஒரு பன்றியைக் கொன்ற பெருமையை இரண்டு பேர் இத்தனை தாராளமாக ஒருவர் தலையில் ஒருவர் கட்டியதை அந்த மலை அதற்குமுன் கண்டதில்லை.

"அக்காவுக்கு மட்டும் ஒரு தொடை குடுத்துரலாம் மச்சான். பால் குடுக்கிறவ."

"உங்கக்கா தனியாத் திம்பாளா? ஊரையே கூப்பிட்டு உக்கார வெப்பா. போன தடவ அவனுங்க அடிச்ச பன்னியில நமக்கு என்ன வந்துச்சு? வாலு! அதுவும் அவ போய்க் கத்துனதுக்கு அப்புறம்."

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தாழை ஓலைக் கூரையிலிருந்து ஈரம் சொட்டும் ஓசையும், கல்லுக்கடியில் கொழுப்பு சீறும் ஓசையும், ஓலை இடுக்கு வழியே வெளியேறிய புகை மேலே போகாமல் தரையோடு தரையாக மரங்களுக்குள் ஊர்ந்து போவதும், அதன் கூடவே கறிமணம் யாரையோ அழைக்கப் போவதுபோல் போவதும் சியுனேயின் பசியைக் கிளறின.

அப்போதுதான் இருமல் கேட்டது.

கறி வேகும் இடத்துக்கு வருபவன் வாய்விட்டுக் கேட்கமாட்டான். தூரத்தில் நின்று இருமுவான். உள்ளே இருப்பவன் "வா, இருக்கு" என்று சொல்ல வேண்டும். வந்தவன் வாசலில் முதுகு காட்டி உட்கார்ந்து கையைப் பின்னால் நீட்டுவான். எவ்வளவு கிடைத்தது என்று முகத்தில் தெரியக்கூடாதல்லவா. பதில் வராவிட்டால் போய்விடுவான். வெட்கம் உள்ளே இருப்பவனுடையது.

கெலுவா உதட்டில் விரல் வைத்தான். சியுனேயின் தொண்டைவரை அந்தச் சொல் வந்தது, எச்சிலோடு சேர்ந்து. இரண்டையும் விழுங்கினான்.

மறுபடியும் இருமல். அருகில். காலடி கேட்கவில்லை, எலி நடந்தாலும் சலசலக்கும் சருகு அது. இன்னொரு இருமல், சுவருக்கு அந்தப் பக்கம், காதுக்கு நேராக. வறண்ட இருமல். இருமத் தெரியாத எதுவோ இருமிப் பழகுவதுபோல்.

தரையில் மூன்றாவது இலை கிடந்தது. சுருக்கம் இல்லாமல். கழுவி விரித்ததுபோல்.

கெலுவா வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

"எந்த நாய்டா அது? எலும்புகூடக் கெடையாது, போடா!"

"மச்சான், போகாத. 'வா'ன்னு சொல்லிருவோம். ஒரு துண்டுதான."

"நான் வர்றதுக்குள்ள ஈரல்ல கை வெச்ச, அப்புறம் உனக்குக் கை இருக்காது."

பனி அவனை முழங்கால்வரை எடுத்துக்கொண்டது. பிறகு இடுப்புவரை. பிறகு முழுதாக.

சருகில் அவன் நடை கேட்டது. நின்றது. சியுனே அலறலுக்குக் காத்திருந்தான். வரவில்லை. அதுதான் மோசமாக இருந்தது. கூரை சொட்டுவதும் நின்றுவிட்டது. கறிமணம் போன இடம் தெரியவில்லை. புதிதாகக் கிளறிய மண்ணின் வாடை.

வாசல் இருண்டது.

யாரோ உட்கார்ந்தார்கள். முதுகு காட்டி.

"மச்சான்?"

கெலுவாவின் முதுகு இத்தனை அகலம் இல்லை. அதன்மேல் இருந்தது பாசியா மயிரா தெரியவில்லை. நனைந்திருந்தது. மூச்சுக்கு ஏறி இறங்கவில்லை.

"வா..." சியுனே குழிப்பக்கம் நகர்ந்தான். "வா, இருக்கு. நெறைய இருக்கு."

விரல் பொசுங்கக் குழியைத் தோண்டினான். ஈரல். தொடை. அக்காவுக்கென்று கேட்ட தொடை. அள்ளிக்கொண்டு திரும்பினான்.

கை பின்னால் வந்தது. ஒரு மூட்டு கூடுதலான நீளம். உள்ளங்கை விரிந்திருக்கவில்லை.

அது எதையோ கொண்டுவந்திருந்தது.

மூன்றாவது இலையைத் தடவிப் பார்த்து, அதன் நடுவில் ஒரு பொட்டலத்தை வைத்தது. மெதுவாக. ஊர்ப் பெரியவர்கள் வைப்பதுபோல், மரியாதையாக. கொடியால் கட்டிய பொட்டலம். ஆவி பறந்தது. கட்டு ஒரு பக்கம் தளர்ந்து உள்ளே தெரிந்தது பிரம்புக் காப்பு. அரிசி மூட்டையிலிருந்து உருவிய மஞ்சள் நூல் ஊடாகப் பின்னியது. அக்காவின் பின்னல். கல்யாணத்தன்று கெலுவாவின் புயத்தில் அவள் மாட்டியது. அதன்பிறகு அவன் ஒருநாளும் கழற்றவில்லை.

இப்போதும் கழற்றப்படவில்லை.

கொன்றவன் தின்னமாட்டான். கொடுப்பான்.

முறை தெரிந்த வேட்டைக்காரன்.

சியுனேயின் கைகளிலிருந்து ஈரல் நழுவியது. வாசலில் அந்தக் கை மெல்லத் திரும்பியது. விரிந்தது. அவன் தொடைக்கறியை அதில் வைத்தான். விரல்கள் மூடவில்லை, கறி வழுக்கிச் சேற்றில் விழுந்தது. நெஞ்செலும்பை வைத்தான். விழுந்தது. அந்தக் கை பன்றிக்காகக் காத்திருக்கவில்லை.

வெளியே பனி விலகியது, கொஞ்சம்.

வாசலில் இருந்ததற்கு அப்பால் இன்னொரு முதுகு. அதற்கும் அப்பால் இன்னொன்று. மரங்களுக்கு நடுவே, சரிவு நெடுக. ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு கை.

எல்லாம் விரிந்து.

ஒன்று இருமியது.